கேமரா கொட்டேஷனில் எதைப் பார்க்க வேண்டும்?

கடைக்குக் கண்காணிப்புக் கேமரா போடக் கொட்டேஷன் வாங்கினால் எல்லோரும் முதலில் பார்ப்பது மெகாபிக்சலைத்தான். இரண்டா, ஐந்தா என்று அதை வைத்தே விலை பேசி முடித்துவிடுகிறார்கள். பக்கத்திலேயே 2.8 எம்.எம்., 3.6 எம்.எம்., 6 எம்.எம். என்று ஏதோ ஒன்று போட்டிருக்கும். வந்தவர் முகம் தெரியுமா என்பதில் அதற்கும் சரிபாதிப் பங்கு உண்டு. அதை அவசியம் கேட்டு வாங்குங்கள்.

எம்.எம். என்பது லென்ஸின் குவியத் தூரம். எண் சிறியதானால் படத்தில் அதிக இடம் அடங்கும், ஆள் சிறிதாகத் தெரிவார். பெரியதானால் இடம் குறையும், ஆள் பெரிதாகத் தெரிவார். 2 மெகாபிக்சல் கேமராவில் படத்தின் குறுக்கே 1920 புள்ளிகள். 2.8 எம்.எம். லென்ஸ், ஐந்து மீட்டர் தள்ளி, ஏறக்குறைய 12 மீட்டர் அகலத்தை அந்த 1920 புள்ளிகளுக்குள் அடக்குகிறது. அப்படியானால் மீட்டருக்கு 160 புள்ளிதான். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 புள்ளி வேண்டும் என்று ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரம் வகுத்தது. தெரிந்தவர் என்றால் 125 போதும். அதே கேமராவில் 6 எம்.எம். லென்ஸ் இருந்தால் அகலம் சுமார் ஐந்து மீட்டராகச் சுருங்கும், மீட்டருக்கு 380 புள்ளி வரை கிடைக்கும். கடை முழுவதையும் பார்க்க 2.8 சரி. ஆள் நுழையும் வாசலுக்குத் தனியாக ஒரு 6 எம்.எம். கேமரா வைப்பதே நல்லது.

அந்த வாசல் கேமராவுக்கு டபிள்யூடிஆர் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியே வெயில், உள்ளே நிழல் என்றால் நுழைபவர் முகம் கறுத்துப்போகும். வெளிச்சப் பகுதியையும் இருட்டுப் பகுதியையும் தனித்தனி அளவில் பதிந்து ஒரே படமாகச் சேர்ப்பதுதான் டபிள்யூடிஆர். ஐஆர் என்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம். அதில் இரவுப் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும், திருடன் சட்டை நிறத்தை அதை வைத்துச் சொல்ல முடியாது.

கோஆக்சியல் கேபிளில் வரும் அனலாக் கேமராவுக்கு டிவிஆர், நெட்வொர்க் கேபிளில் வரும் ஐபி கேமராவுக்கு என்விஆர். இரண்டுமே பதிவுப் பெட்டிகள்தான்.

எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதை பிட்ரேட் சொல்லும். விநாடிக்கு 4 மெகாபிட் என்றால் ஒரு கேமரா நாளொன்றுக்கு 43 ஜிபி எழுதும். நான்கு கேமரா இருந்தால் 1 டிபி ஹார்டு டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. பழைய பதிவு அழிந்து அதன் மேல் புதியது ஏறும். ஹெச்.265 முறையில் சுருக்கிப் பதிந்தால் ஏறத்தாழ அதே தரத்துக்குப் பாதி பிட்ரேட் போதும், நாளும் இரட்டிப்பாகும். ஒரு வாரம் கழித்துத் திருட்டு தெரியவந்து போலீஸ் பதிவு கேட்கும்போது இந்தக் கணக்குதான் கைகொடுக்கும்.

வேலை முடிந்ததும் கம்பெனி வைத்துத் தந்த பாஸ்வேர்டை உங்கள் கையாலேயே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ், அப்படி மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே அமெரிக்காவில் பெரிய இணையதளங்களை முடக்கியது.