மோட்டார் ரிப்பேர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் 'உர்...' என்று உறுமியதோடு சரி. மாடித் தொட்டி காலி. உள்ளே அப்பா படுத்த படுக்கை. உடம்பு துடைத்துவிடக்கூடத் தண்ணீர் இல்லை.

மளிகைக்கடை அண்ணாச்சிக்கு ஏரியாவில் தெரியாத ஆள் கிடையாது. ஓடினேன்.

"அண்ணாச்சி, மோட்டார் ரிப்பேருக்கு அவசரமா ஒரு ஆள் வேணும்."

அரை மணியில் ஒருத்தர் ஸ்பானரோடு வந்தார். நேரே என் பைக் பக்கம் போய்க் குந்தினார். "ஸ்டார்ட்டிங் டிரபிளா சார்?"

சிரிக்காதீர்கள். இதே கூத்து கம்ப்யூட்டருக்குள்ளும் நடக்கும்.

'ஏஜெண்ட்' என்றொரு வகை மென்பொருள் உண்டு. தனக்குத் தெரியாத வேலையை இன்னொரு ஏஜெண்ட்டிடம் கொடுத்து முடித்துக்கொள்ளும். யாரிடம் கொடுப்பது? 1980-ல் ரீட் ஸ்மித் என்பவர் சொன்ன வழி நம்ம பொதுப்பணித்துறை வழிதான். டெண்டர்! வேலையை அறிவி, முடிந்தவர்கள் கேட்கட்டும், நல்லதாகப் பார்த்துக் கொடு.

ஆயிரக்கணக்கில் ஏஜெண்ட்கள் கூடினால்? காய்கறி மார்க்கெட் இரைச்சல்தான். ஆகவே நடுவில் ஓர் அண்ணாச்சியை வைத்தார்கள். 'எனக்கு இன்ன வேலை தெரியும்' என்று ஒவ்வொருவரும் அவரிடம் பதிந்து வைக்க வேண்டும். கேட்பவருக்குப் பொருத்தமான ஆளை அவர் காட்டுவார்.

பொருத்தத்துக்கு வார்த்தை போதாது, அர்த்தம் பார்க்கணும். தண்ணீர் மோட்டாரும் பைக் மோட்டாரும் ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி என்று கம்ப்யூட்டருக்கு ஒரு வம்சாவளி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதை வைத்து 2002-ல் மாசிமோ பாவ்லூச்சியும் சகாக்களும் நாலு தரம் பிரித்தார்கள். கேட்டதும் இருப்பதும் ஒன்றேயானால் முதல் தரம். நான் தண்ணீர் மோட்டார் கேட்டு, 'எல்லா மோட்டாரும் பார்ப்பேன்' என்பவர் வந்தால் இரண்டாம் தரம். வெறும் மோட்டார் என்று கேட்டு, பைக் மட்டும் தெரிந்தவர் வந்தால் மூன்றாம் தரம். சம்பந்தமே இல்லாவிட்டால் ஃபெயில்.

ஆக, எனக்குக் கிடைத்தது மூன்றாம் தரம். தப்பு மெக்கானிக் மேல் இல்லை. அண்ணாச்சி மேலும் இல்லை. பி.காம். படித்த நான்தான் பொத்தாம்பொதுவாகக் கேட்டேன். நடுவில் இருப்பவர் மனுஷனோ மென்பொருளோ, நாம் சொன்னதைத்தான் பொருத்திப் பார்ப்பார். மனசில் நினைத்ததை அல்ல.

மறுபடி ஓடினேன்.

"அண்ணாச்சி, தண்ணி மோட்டார். ஒரு ஹெச்.பி. உறுமுது, சுத்தலை."

வந்தவர் கெபாசிட்டரை மாற்றினார். பதினோரு மணிக்கு அப்பாவுக்குக் குளியல்.

அண்ணாச்சி மட்டும் விடவில்லை. "இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன தம்பி?"