செவிலியமா, சுவாச சிகிச்சையா?

மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பயின்று தேறும் மாணவர்களுள் மருத்துவப் பட்டப் படிப்பில் இடம் பெறுவோர் சிலரே. எஞ்சியோரில் பலர் மருத்துவத் துறையை விட்டு விலக விரும்புவதில்லை. அவர்கள் நாடும் படிப்புகளில் செவிலியம் நெடுங்காலமாக அறியப்பட்டது. சுவாச சிகிச்சை அண்மைக் காலத்தில் வளர்ந்துவருவது. செவிலியப் பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள் கொண்டது. சுவாச சிகிச்சைப் பட்டப் படிப்பும், பெரும்பாலான நிறுவனங்களில், ஓராண்டு உள்ளகப் பயிற்சி உட்பட நான்கு ஆண்டுகளே. காலம் ஒன்றாயினும் படிப்பின் முடிவில் கிடைக்கும் தகுதியும் பணியிடமும் ஒன்றல்ல. குடும்பத்தின் சேமிப்பைச் செலவிட்டுப் படிக்க வரும் மாணவர், இவ்வேறுபாட்டை முன்னரே அறிந்துகொள்வது இன்றியமையாதது.

பணியின் இயல்பு

செவிலியரின் பொறுப்பு நோயாளி முழுவதையும் தழுவியது. மருந்து தருவது, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கண்காணிப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, படுக்கைப் புண் வராமல் காப்பது, உறவினர்க்கு ஆறுதல் கூறுவது ஆகிய அனைத்தும் அவர் கடமைகள். காலை, பிற்பகல், இரவு என்னும் முறைப்பணியில் நோயாளியின் அருகே இடையறாது இருப்பவர் செவிலியரே. நோய் முற்றுவதற்கான முதல் அறிகுறி பெரும்பாலும் அவர் கண்ணில்தான் படுகிறது.

சுவாச சிகிச்சையாளரின் களம் குறுகியது, ஆனால் ஆழமானது. வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவியை நோயாளியின் நிலைக்கு ஏற்ப அமைப்பது, தமனி இரத்தத்தில் உள்ள வாயுக்களின் அளவைச் சோதித்துப் பொருள் காண்பது, நுரையீரலின் கொள்திறனை அளப்பது, ஆஸ்துமா நோயாளிக்கு மருந்தை ஆவியாகச் செலுத்துவது ஆகியன அவர் பணிகள். கருவியின் துணையிலிருந்து நோயாளியைப் படிப்படியாக விடுவித்துத் தானே மூச்சுவிடச் செய்வது இவற்றுள் மிக நுட்பமானது. விரைந்து விடுவித்தால் மூச்சு மீண்டும் தளரும். காலம் தாழ்த்தினால் நுரையீரலில் தொற்று பற்றும்.

கோபன்ஹேகன் தந்த பாடம்

இவ்விரு பணிகளின் உறவை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று 1952ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டில் நேர்ந்தது. கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் பெருமளவில் இறந்தனர். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சென், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் முறையை மேற்கொண்டார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகப் பைகளை அழுத்தினர். செவிலியர்கள் அருகிருந்து நோயாளிகளைப் பேணினர். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு இந்த முயற்சியிலிருந்தே தோன்றியது. மாணவர்களின் கைகள் செய்ததைப் பின்னர்க் கருவிகள் ஏற்றன. மூச்சைக் காக்க ஒருவர், நோயாளியைப் பேண மற்றொருவர் என இருவருமே தேவைப்படுவர் என்பதை அன்றைய அனுபவம் காட்டியது.

சட்டமும் பதிவும்

நம் நாட்டில் செவிலியத்திற்கு உறுதியான அமைப்பு உண்டு. விடுதலைக்கு முன் நிலைமை மிகவும் பின்தங்கியிருந்தது. 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே இருந்ததாக 1946ஆம் ஆண்டில் போர் குழுவின் அறிக்கை கூறிற்று. அதே ஆண்டில் தில்லியிலும் வேலூரிலும் செவிலியப் பட்டப் படிப்புகள் தொடங்கப்பட்டன. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இந்திய செவிலியர் மன்றம் அமைந்தது. அச்சட்டத்திற்கு மாற்றாக 2023இல் தேசிய செவிலிய, பேறுகாலப் பணி ஆணையச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. பதிவு பெற்ற செவிலியர் என்னும் தகுதிக்கு நாடெங்கும் ஒரே பொருள் உண்டு.

சுவாச சிகிச்சையாளர்க்கு இத்தகைய சட்ட ஏற்பு நெடுங்காலம் இல்லை. 2021ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தேசிய துணை மருத்துவ, நலப் பணித் தொழில்கள் ஆணையச் சட்டமே இத்தொழிலைத் தன் அட்டவணையில் சேர்த்தது. பாடத்திட்டம், பயிற்சி நேரம், பதிவேடு ஆகியவற்றை நாடு முழுவதற்கும் ஒருமுகப்படுத்துவது அச்சட்டத்தின் நோக்கம். செவிலியத்தின் ஏணி முக்கால் நூற்றாண்டுக்கு மேல் பழமையானது. சுவாச சிகிச்சையின் ஏணி இப்போதுதான் படி படியாகக் கட்டப்படுகிறது எனலாம்.

வாய்ப்பும் வரம்பும்

செவிலியர்க்குப் பணிக்களம் பரந்தது. மாவட்ட மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளி, தொழிற்சாலை, இராணுவம், வெளிநாடு என வழிகள் பல. சமவெளியில் 5,000 மக்களுக்கும் மலைப் பகுதியில் 3,000 மக்களுக்கும் ஒன்று என வகுக்கப்பட்ட துணை சுகாதார நிலையம்வரை அவர் பணி செல்கிறது. ஆசிரியப் பணி, நிர்வாகம், தீவிர சிகிச்சையில் உயர் பயிற்சி ஆகியவையும் உண்டு. எனினும் குறைகளும் இல்லாமல் இல்லை. பல தனியார் மருத்துவமனைகளில் ஊதியம் குறைவு, வேலைச்சுமை மிகுதி. 2016ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து அமைந்த நிபுணர் குழு, ஐம்பதுக்கும் குறைந்த படுக்கைகள் கொண்ட மருத்துவமனையிலும் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது எனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரையே குறையின் ஆழத்தைக் காட்டும்.

சுவாச சிகிச்சையாளர்க்குத் தேவை பெரிது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் 2016இல் இந்தியாவில் இறப்புக்கான காரணங்களுள் இதய நோய்க்கு அடுத்த நிலையில் இருந்தது. அடுப்புப் புகை, புகையிலை, காற்று மாசு ஆகியவை இதற்குக் காரணங்கள். ஆயினும் தேவை வேறு, பணியிடம் வேறு. வேலைவாய்ப்பு பெரும்பாலும் பெருநகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் குவிந்துள்ளது. இப்பணியாளர் இல்லாத இடங்களில் மயக்க மருத்துவரும் செவிலியரும் அவ்வேலையையும் சேர்த்துச் செய்கின்றனர்.

கொரோனாத் தொற்று இந்த இடைவெளியை வெளிப்படுத்தியது. 2020ஆம் ஆண்டில் 50,000 வென்டிலேட்டர்களுக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கருவிகள் வந்து சேர்ந்தும், இயக்கத் தெரிந்தவர் இன்றிச் சில இடங்களில் அவை பயன்படாமல் கிடந்தன. கருவியைச் சில வாரங்களில் வாங்கலாம்; அதைக் கையாளும் மனிதரை உருவாக்க நான்கு ஆண்டுகள் வேண்டும்.

தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

மனிதரோடு பழகுவதில் விருப்பமும், பலவகைப் பணிகளை ஏற்கும் மனப்பாங்கும், சொந்த ஊரருகே வேலை செய்யும் எண்ணமும் உள்ளவர்க்குச் செவிலியம் பொருந்தும். உடலியங்கியலிலும் இயற்பியலிலும் ஈடுபாடு கொண்டு, ஒரு துறையில் ஆழ்ந்து தேர விரும்பி, பெருநகரில் பணியாற்றத் தயங்காதவர்க்குச் சுவாச சிகிச்சை ஏற்றது. இரவுப் பணியும் மரணத்தை அருகில் காணும் துயரமும் இரண்டுக்கும் பொது. கல்லூரியில் சேருமுன் அதன் ஏற்பு நிலை, பயிற்சிக்குரிய மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை, முன்னர்ப் பயின்றோர் பெற்ற வேலை ஆகிய மூன்றையும் நேரில் விசாரித்தறிவது நலம். கல்லூரி வெளியிடும் விளம்பரத்தை மட்டும் நம்பிச் சேர்வது தகாது.

அதிகாரிகளின் பொறுப்பும் இங்கு உண்டு. மாவட்ட மருத்துவமனைக்குக் கருவி வாங்க ஒப்புதல் தரும் கோப்பிலேயே, அதை இயக்கும் பணியிடத்திற்கும் ஒப்புதல் இடம்பெற வேண்டும். பணியிடம் இல்லாத படிப்பு இளைஞரை ஏமாற்றும். பணியாளர் இல்லாத கருவி நோயாளியைக் கைவிடும். இவ்விரண்டையும் தவிர்க்கும் வகையில் திட்டமிட்டால், மாணவரின் தேர்வும் நாட்டின் தேவையும் ஒன்றுக்கொன்று இசையும்.