ஆங்கிலேயச் சட்ட ஆவணங்களில் மூதாதையர் தேடல்: பெயர், உறவு, மொழிபெயர்ப்பு

1. முன்னுரை

இங்கிலாந்தில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பங்குக் கோயில்தோறும் பதிவுசெய்யும் முறை 1538ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு முற்பட்ட தலைமுறைகளைத் தேடுவோர்க்குப் பெரிதும் துணைநிற்பவை நிலவுரிமை, வழக்கு, மரபுரிமை ஆகியன பற்றிய சட்ட ஆவணங்களே. இவை குடும்ப வரலாற்றை உரைக்க எழுந்தவை அல்ல. நிலம் யாருக்கு உரியது என்பதை நிலைநாட்ட எழுந்தவை. ஆயினும், இன்னார்க்கு இன்னார் வழித்தோன்றல் என்று நிறுவாமல் மரபுரிமை கோர இயலாது. ஆதலின் உறவுச் செய்திகள் இவற்றில் மிகுதியாக இடம்பெறுகின்றன. இவற்றைப் படிப்போர் செய்யும் பிழைகள் பல, ஆவணம் எழுதப்பெற்றபோதே ஒரு மொழிபெயர்ப்பு நிகழ்ந்துள்ளது என்பதை உணராமையால் விளைகின்றன. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஆவணங்களின் மொழி

1066இல் நார்மானியர் வெற்றி பெற்றபின், அரச நீதிமன்றங்களில் வாதம் பிரெஞ்சு மொழியிலும் பதிவு இலத்தீனிலும் அமைந்தன. மக்கள் பேசியதோ ஆங்கிலம். வாதங்கள் ஆங்கிலத்தில் நிகழவேண்டும் என 1362இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டது என்பதும், பதிவுகள் இலத்தீனிலேயே இருக்கவேண்டும் என அது விதித்தது என்பதும் குறிப்பிடத்தக்கன. 1650இல் ஆங்கிலம் பதிவுமொழி ஆக்கப்பட்டது; 1660இல் இலத்தீன் மீண்டது. 1731ஆம் ஆண்டுச் சட்டம் 1733 மார்ச் 25இல் நடைமுறைக்கு வந்த பின்னரே ஆங்கிலம் நிலைபெற்றது. சான்சரி நீதிமன்றத்தின் முறையீடுகள் மட்டும் பதினைந்தாம் நூற்றாண்டு முதலே ஆங்கிலத்தில் கிடைக்கின்றன.

எனவே இலத்தீன் சுருளில் நாம் காண்பது, ஊரார் வழங்கிய பெயர் அன்று. எழுத்தர் பெயர்த்தெழுதிய பெயர் ஆகும்.

3. பெயர்கள்

'ஃபுல்லோ' என்னும் இலத்தீன் சொல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நெய்த கம்பளித் துணியை நீரில் மிதித்தும் அடித்தும் கெட்டிப்படுத்துவோனை அது குறிக்கும். இத்தொழிலாளியைத் தென்கிழக்கு இங்கிலாந்தில் 'ஃபுல்லர்' என்றும், தென்மேற்கில் 'டக்கர்' என்றும், வடக்கில் 'வாக்கர்' என்றும் வழங்கினர். மூன்றும் இன்று தனித்தனிக் குடும்பப் பெயர்கள். வட்டார வழக்கைப் புலப்படுத்தும் இவ்வேறுபாடு இலத்தீன் வடிவில் முற்றும் மறைந்துவிடுகிறது. 'ஃபுல்லோ' என்பதை மொழிபெயர்ப்பாளர் எங்கும் 'ஃபுல்லர்' என்றே எழுதின், வாக்கர் குடும்பத்தின் மூதாதை ஒருவர் ஃபுல்லர் குடும்பத்துக்கு உரியவர் ஆகிவிடுவார்.

மற்றொரு சிக்கல், ஒரு சொல் பெயரா தொழிலா என்பது. 'யொஹான்னஸ் ஃபாபர்' என்பவர் கொல்லத்தொழில் செய்யும் ஜானாகவும் இருக்கலாம். வேறு தொழில் செய்யும் ஜான் ஸ்மித்தாகவும் இருக்கலாம். குடும்பப் பெயர் தலைமுறை தோறும் நிலைபெறும் வழக்கம் எல்லாப் பகுதிகளிலும் ஒரே காலத்தில் ஏற்படவில்லை. ஆதலின் காலமும் இடமும் நோக்கியே முடிவு செய்தல் வேண்டும். குறிப்பிட்ட சில வழக்குகளில் எதிர்வாதியின் நிலை அல்லது தொழிலும் ஊரும் குறிக்கப்படவேண்டும் என 1413ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தமை ஆய்வாளர்க்குப் பெருந்துணை. பெயராக ஒன்றும் தொழிலாக வேறொன்றும் வரின், முன்னது குடும்பப் பெயராதல் தெளிவு.

4. உறவுச் சொற்கள்

உறவுச் சொற்களில் நேரும் பிழை தலைமுறையையே மாற்றிவிடும். இடைக்கால இலத்தீனில் 'நெபோஸ்' என்பது பேரனையும் உடன்பிறந்தாரின் மகனையும் குறிக்கும். முன்னதாகக் கொண்டால் நேர்வழி மரபு. பின்னதாகக் கொண்டால் கிளைவழி. தமிழில் 'மருமகன்' என்பதும் இரு உறவுகளைக் குறிப்பதே. ஆயின் அதற்கு நம் மணமுறை அடிப்படை. 'நெபோஸ்' என்பதன் இருபொருண்மைக்கு அத்தகைய அடிப்படை இல்லை. ஆதலின் அதனைத் தமிழில் ஒரே சொல்லால் பெயர்த்தல் அரிது.

ஆங்கில ஆவணங்களும் ஐயத்திற்கு அப்பாற்பட்டவை அல்ல. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் 'சன்-இன்-லா' என்பது மகளின் கணவனை மட்டுமன்றி, மனைவியின் முன்னைக் கணவர்க்குப் பிறந்த மகனையும் குறித்தது. 'கசின்' என்பதோ உடன்பிறந்தார் மக்கள் முதலாகப் பலரையும் தழுவியது.

5. ஆவண வடிவும் புனைவும்

பண்ணை நீதிமன்றச் சுருள்களே எளிய குடியானவர் பற்றி மிகுதியாகச் செய்தி தருவன. குடியானவர் இறப்பின் அது மன்றத்தில் அறிவிக்கப்படும்; உரிமையாளர் பெயர் குறிக்கப்படும்; அவர் கட்டணம் செலுத்தி நிலம் பெறுவார். அப்பதிவின் நகலே பிற்காலத்தில் அவர்க்குரிய நிலச்சான்றாயிற்று. இவ்வாறு தந்தை, மகன், பேரன் எனத் தொடர்ச்சி கிடைக்கும்.

1195 முதல் 1833 வரை வழங்கிய 'இறுதி உடன்பாடு' வேறு வகையினது. ஒரே தோலில் மும்முறை எழுதி வெட்டி, அடிப்பகுதியை நீதிமன்றம் வைத்துக்கொள்ளும். வடிவில் இது வழக்கின் முடிவு. உண்மையில் பெரும்பாலும் நில விற்பனை. 'வாதி' என்பவர் வாங்குபவர், 'எதிர்வாதி' விற்பவர். இதனை அறியாதார் இரு குடும்பங்களிடையே பகை இருந்ததாக எழுதிவிடுவர். நில வெளியேற்ற வழக்குகளில் வரும் 'ஜான் டோ' என்பவரோ சட்டப் புனைவே. அவர்க்கு மரபு தேடுதல் வீண்.

ஆண்டுக் கணக்கும் கருதத்தக்கது. 1751 வரை சட்ட ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. ஆதலின் ஆவணத்தில் 1640 பிப்ரவரி என இருப்பது நம் கணக்கில் 1641 பிப்ரவரி ஆகும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் மொழிபெயர்ப்பாளர் கொள்ளத்தக்க நெறிகள் சில புலனாகின்றன. பெயரின் மூலவடிவைப் பெயர்ப்புடன் சேர்த்துத் தருதல். ஐயத்திற்குரிய உறவுச் சொல்லைப் பிறிதோர் ஆவணம் உறுதிசெய்யும் வரை ஐயமாகவே விடுதல். ஆண்டை 1640/41 என இரட்டையாகக் குறித்தல் ஆகியன அவை. படிப்போர் பலர் மூலச் சுருளைக் காண்பதில்லை; அச்சிட்ட பெயர்ப்பையே நம்புகின்றனர். எனவே, மூலம் ஐயமாக விட்டதைத் தெளிவானதாகக் காட்டும் பெயர்ப்பு, ஒரு குடும்பத்துக்கு அதற்கு உரியரல்லாத முன்னோரை அளித்துவிடும். அதனைப் பின்னர்த் திருத்துதல் எளிதன்று.