நன்னீர் கொன்ற நட்சத்திர மீன்கள்

புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவின் குளத்தைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு காலத்தில் கருங்கல் குவாரி. புலாவ் உபின் தீவும் கருங்கல்லால் ஆனதுதான். சாங்கியிலிருந்து படகில் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். அதன் கிழக்கு முனையில் இருக்கிறது செக் ஜாவா. கடல் வற்றும்போது பாறை, கல், மணல், கடற்புல் எல்லாம் வெளியே தெரியும்.

2001-இல் நிலமீட்புத் திட்டம் ஒத்திவைக்கப்பட்டதால் பிழைத்த கரை இது. ஆனால் அடுத்த அடி மழையிலிருந்து வந்தது.

தீவுக்கு வடகிழக்கே ஜோகூர் ஆறு கடலில் கலக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. ஆற்றுநீரில் மிகச் சொற்பம். 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் ஜோகூரில் பெருமழை கொட்டியது. வெள்ளம் கலந்து கடலில் உப்பு குறைந்தது. நட்சத்திர மீன், கடற்பஞ்சு, கடல் அட்டை என ஏராளமான உயிர்கள் மடிந்தன.

ஏன் தெரியுமா? நட்சத்திர மீனின் உடல்நீரில் கடலில் உள்ள அளவே உப்பு இருக்கும். வெளியே உப்பு குறைந்தால் நீர் உடலுக்குள் புகும். அதை வெளியேற்றச் சிறுநீரகம் போன்ற உறுப்பு அதற்கு இல்லை. ஊர்ந்து தப்பவும் வேகம் போதாது.

உப்பு பழைய நிலைக்கு வந்தபின் உயிர்களும் மெல்லத் திரும்பின. கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். கற்களைப் புரட்டாதீர்கள், அடியில் குடியிருப்பவை உண்டு.