மயக்க மருந்தைச் செவிலியர் செலுத்தலாமா? எல்லை எங்கே இருக்கிறது?

திருப்பதி: எண்டோஸ்கோபி அறையில் ஊசியைச் செலுத்துபவர் பெரும்பாலும் செவிலியர். எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். திருப்பதியின் ஸ்விம்ஸ், ரூயா மருத்துவமனைகளுக்கும் வேலூர் சிஎம்சியின் சித்தூர் வளாகத்துக்கும் தமிழக எல்லையோர மக்களும் சென்று வருகின்றனர். அவர்களில் பலருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை.

மயக்கம் என்பது ஒரே நிலை அன்று. பதற்றம் தணிதல், கூப்பிட்டால் விழிக்கும் அரைமயக்கம், ஆழ்ந்த மயக்கம், முழு மயக்கம் என நான்கு படிகளாக அமெரிக்க மயக்கவியல் சங்கம் அதனைப் பிரிக்கிறது. ஒரு படியில் நிறுத்த எண்ணிக் கொடுத்த மருந்து, நோயாளியை அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். சிக்கல் இங்குதான் எழுகிறது. மிடசோலம், ஃபென்டனில் இரண்டும் சேர்ந்தால் சுவாசம் தளரும். மிடசோலத்துக்கு ஃப்ளுமசெனில், ஃபென்டனிலுக்கு நலோக்சோன் என மாற்று மருந்துகள் உண்டு. புரோபோஃபாலுக்கு அப்படி எதுவும் இல்லை. அதன் வேகம் அடங்கும் வரை சுவாசத்தைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்தவர் அருகில் இருந்தாக வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் நிலை வேறு. வென்டிலேட்டரில் உள்ள நோயாளியின் சுவாசக்குழாய் ஏற்கெனவே பாதுகாப்பாக இருப்பதால், மருத்துவர் எழுதிய வரம்புக்குள் மருந்தின் வேகத்தைச் செவிலியர் கூட்டிக் குறைக்கலாம்.

அமெரிக்காவில் மயக்கம் கொடுப்பதற்கென்றே தனிப்பட்டம் பெற்ற செவிலியர்கள் உள்ளனர். இந்தியா அவ்வழியில் செல்லவில்லை. கிராமப்புறப் பிரசவ அறுவை சிகிச்சைகளுக்கு மயக்கவியல் மருத்துவர் கிடைக்காதபோது, எம்பிபிஎஸ் மருத்துவர்களுக்கே அரசு குறுகிய காலப் பயிற்சி அளித்தது. தீவிர சிகிச்சைக்கான செவிலியர் பயிற்சியாளர் எனும் 2 ஆண்டு முதுநிலைப் படிப்பு பின்னர் வந்தது. அதுவும் நெறிமுறைக்கு உட்பட்ட பணியே. இந்தியச் செவிலியர் மன்றத்துக்கான 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டத்தை 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி உலகெங்கும் உண்டு. 2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகர மருத்துவமனை ஒன்றில், ஸ்கேன் எடுக்கவிருந்த நோயாளிக்குப் பதற்றம் தணிக்க மிடசோலம் எழுதப்பட்டிருந்தது. செவிலியர் எடுத்ததோ தசைகளை முடக்கும் வெகுரோனியம். நோயாளியை யாரும் கண்காணிக்கவில்லை, அவர் உயிரிழந்தார். 2022-இல் அச்செவிலியர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். தவறை மறைக்காமல் சொன்னவரையே தண்டிப்பதா என்று செவிலியர்கள் வெகுண்டனர். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் நோயாளியின் உறவினர் கேட்கக்கூடியவை சில உள்ளன: எந்த மருந்து, யாருடைய உத்தரவு, சிகிச்சை முடியும் வரை வேறு வேலை பார்க்காமல் சுவாசத்தை மட்டும் கவனிப்பவர் யார், ஆக்சிஜனும் சுவாசப் பையும் கட்டிலருகே உள்ளனவா.