தலையில் அடி: ‘ஒண்ணுமில்லை’ன்னு விட்டுடலாமா?
பீடோங் பக்கம் செம்பனைத் தோட்டச் சாலையில் உங்கள் மாமா மோட்டார் சைக்கிளில் வழுக்கி விழுகிறார். எழுந்து, “ஒண்ணுமில்லடா, வீட்டுக்குப் போலாம்” என்கிறார். நம்பலாமா?

2009-இல் கனடாவில் பனிச்சறுக்கில் விழுந்த நடிகை நட்டாஷா ரிச்சர்ட்சனும் நல்லாத்தான் இருக்கேன் என்றார். இரண்டே நாளில் இறந்தார். மண்டையோட்டுக்குள் ரத்தம் கசிந்து மூளையை அழுத்திவிட்டது. அபூர்வம்தான். ஆனால் மருத்துவர்கள் தேடுவது அதைத்தான்.

சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையோ கூலிம் மருத்துவமனையோ, அவசரப் பிரிவில் கண் திறப்பு, பேச்சு, கை கால் அசைவுக்குப் புள்ளி போடுவார்கள். மொத்தம் 15. அதில் 13 முதல் 15 வரை ‘லேசான’ காயம். பெயர்தான் லேசு!

எல்லாருக்கும் சிடி ஸ்கேன் தேவையில்லை. இரண்டு மணி நேரமாகியும் 15 புள்ளிக்கு வராதவர், இரண்டு தடவையாவது வாந்தி எடுத்தவர், 65 வயதைத் தொட்டவர், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் என்றால் யோசிப்பார்கள். அதனால் மாமாவின் மாத்திரைப் பையையும் எடுத்துட்டுப் போங்க.

வீட்டுக்கு அனுப்பினால் 24 மணி நேரம் யாராவது கூடவே இருக்கணும். தூங்கவே விடக்கூடாது என்பார் பாட்டி. தூங்கலாம், எழுப்பினால் தெளிவாகப் பேசணும், அவ்வளவுதான். வலிக்குப் பாராசிட்டமால் போதும். தலைவலி கூடுது, திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல் என்றால் உடனே 999.

தோட்டத்தில் தனியாக இருப்பவரா, இரவில் வண்டி கிடைக்காதா? டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். வார்டில் வைத்துக் கவனிக்க அதுவும் ஒரு காரணம்.