மூணு நட்டுல ஓடும் ஜீப்: பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளின் வீல் ஸ்டட்

போன வாரம் வந்த வாய்ஸ் மெசேஜ்ல ஒண்ணு, இந்த எபிசோடையே எடுத்துக்கிச்சு. கொடைக்கானல் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் பழைய மஹிந்திரா ஜீப் வாங்கியிருக்கிறார். பின்பக்க இடது சக்கரத்தில் அஞ்சு ஸ்டட்டில் ரெண்டு உடைந்திருக்கிறது. பஞ்சர் கடையில், "மீதி மூணு இருக்குல்ல சார், தாராளமா ஓடும்" என்றார்களாம். ஓடும்தான். மலை இறக்கத்தில் எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

வண்டியின் எடை ஸ்டட் மேல தொங்குதுன்னுதான் பலரும் நினைக்கிறோம். நட்டை முறுக்கும்போது ஸ்டட் ஸ்பிரிங் மாதிரி மிக லேசாக நீளும். அந்த இழுவிசை ரிம்மை டிரம்மோடு அழுத்திப் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் எடை, பிரேக், குலுக்கல் எல்லாத்தையும் தாங்குது. அழுத்தம் குறைந்தால் ரிம் நூலளவு நகர ஆரம்பிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் வளைந்து நிமிரும். கம்பியை வளைச்சு வளைச்சு உடைப்போமே, அதே கதை. உடைந்த முகத்தைப் பாருங்க. ஒரு ஓரம் வழவழன்னு அலைக்கோடுகளோடும், மீதி சொரசொரப்பாகவும் இருந்தால் அது ஒரே நாளில் உடைந்ததில்லை.

அப்போ மிச்ச மூணும்? அதே ஆட்டத்தை, கூடுதல் சுமையோடு வாங்கியவை. அஞ்சு சர்வர்ல ரெண்டு விழுந்தா அடுத்து என்ன ஆகும்னு நம்ம ஃபீல்டுல இருக்கிறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒண்ணு உடைந்தால் அதன் இருபக்கத்து ஸ்டட்டையும் சேர்த்து, ரெண்டு உடைந்தால் அந்தச் சக்கரத்தில் அஞ்சையுமே மாற்றுவது நல்ல மெக்கானிக்கின் பழக்கம்.

கழற்றும் முன் ஒரு நிமிஷம். வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் இடதுபக்கச் சக்கரங்களுக்கு இடது மரை உண்டு. கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் நட் கழலும். தெரியாதவர் பானாவில் பைப்பை மாட்டி ஏறி மிதிப்பார். இறுகிக்கொண்டே போய் ஸ்டட் 'டப்'னு போகும். நண்பரோட ரெண்டும் அப்படிப் போயிருக்கவும் வாய்ப்புண்டு. ஆனா இத்தனை வருஷத்தில் டிரம் மாறியிருக்கலாம், அதனால பக்கத்தை நம்பாதீங்க, மரையைப் பாருங்க. ஸ்டட்டைச் செங்குத்தாகப் பிடித்தால் கோடு வலப்பக்கம் ஏறுவது சாதாரண மரை, இடப்பக்கம் ஏறுவது இடது மரை.

முனை மழுங்கிய நட்டுக்கு, கொஞ்சம் சின்ன அறுமுனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏத்துங்க. கடையில் கிடைக்கும் திருகுப்பல் சாக்கெட் பெரும்பாலும் சாதாரண மரைக்குத்தான். இடது மரையில் அது கடிக்காது. அங்கே உளியால் நட்டை நீளவாக்கில் பிளப்பதுதான் வழி. நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து சுத்தினால் ஹப்பில் அதன் பிடிப்பு போயிடுச்சுன்னு அர்த்தம். ரிம்முக்கும் டிரம்முக்கும் நடுவில் கடப்பாரை வைத்து ரிம்மை வெளியே நெம்பிக்கொண்டே திருப்பினால் சில நேரம் வரும்.

இனிமேதான் பலர் ஹப்பைக் கெடுக்கும் இடம். இந்தப் பழைய ஜீப்புகளில் டிரம்மையும் ஹப்பையும் சேர்த்துப் பிடிப்பதே ஸ்டட்தான். அதன் கழுத்தை அடித்து விரித்திருப்பார்கள். அந்த விரிவை வெட்டி எடுக்காமல் சுத்தியலால் அடித்தால், ஹப் ஓட்டை பெரிதாகும். புது ஸ்டட் அதில் பிடிக்காது. லேத் கடையில் கொடுத்து வெட்டி, பிரஸ்ஸில் தள்ளச் சொல்லுங்க. "பின்னாடி ஒரு வெல்டிங் வச்சிடலாம்" என்றால் வேண்டாம். அந்தச் சூட்டில் ஸ்டட்டின் பதம் போயிடும்.

நட் வாங்கும்போது பழைய ஸ்டட்டைக் கையோடு கொண்டுபோங்க. பழைய ஜீப்பில் அரை இஞ்ச், அதாவது 12.7 மி.மீ., இஞ்சுக்கு 20 மரை. இன்னொரு வண்டியின் 12 மி.மீ. நட்டும் அதே டப்பாவில் கிடக்கும், பார்த்தால் ஒண்ணு போலவே இருக்கும். நட்டின் கூம்பு முகம் ரிம் குழியில் முழுசாக உட்காரணும்.

மாட்டும்போது எல்லா நட்டையும் கையால் சில சுற்று ஏத்திட்டு, நட்சத்திர வரிசையில் முறுக்குங்க. ஏர் கன் வேண்டாம். அரை இஞ்ச் ஸ்டட்டுக்குப் பொதுவா 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். மேனுவல் வேற சொன்னா அதுதான் கணக்கு. மரையில் எண்ணெய் போட்டால் அதே முறுக்கில் ஸ்டட் அதிகமாக இழுபடும், அதையும் தவிருங்க.

புதுப்பித்த ஜீப்புகளில் இன்னொரு வில்லன், பெயின்ட். ரிம் குழியிலும் டிரம்மை ஒட்டும் முகத்திலும் தடிமனாகப் பூசியிருந்தால் ஓட ஓட அது நசுங்கும், நட் தானாகவே தளரும். சுரண்டி எடுத்துடுங்க. 50, 100 கி.மீ. ஓடினதும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்க. நண்பர் வண்டியில் ரிம் ஓட்டைகள் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் புது ஸ்டட்டும் நிக்காது, ரிம்மையும் மாத்தணும். அதுவரை அந்த ஜீப் வீட்டு வாசல்லயே நிக்கட்டும்.